அரக்குத் தட்டு முதல் சி.டி. வரை: நம் வீட்டுக்குள் சங்கீதம் வந்த வழி



இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். ஒரு பீரியடு என்று நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். "சார், அப்பா காலத்து சி.டி.க்கள் அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. பிளேயர் ஓடவில்லை. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தட்டு எந்த வழியாக நம் வீட்டுக்கு வந்தது என்று தெரிந்துகொண்டால் அந்தப் பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

திருத்தணிக்காரர்கள் இந்தக் கதையை மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் காசியிலிருந்து திரும்பியபின் இங்கே வந்து தியானத்தில் அமர்ந்தார் என்றும், முருகன் ஒரு பெரியவராக வந்து அவர் வாயில் கற்கண்டைப் போட்டார் என்றும், அந்த இனிப்போடு முதல் கிருதி பிறந்தது என்றும் வழிவழியாகச் சொல்கிறோம். அந்தக் கிருதி 'ஸ்ரீநாதாதி குருகுஹோ', ராகம் மாயாமாளவகௌளை. பாட்டு கற்கிற குழந்தைக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுப்பதும் இதே ராகத்தில்தான்.

தீட்சிதர் 1835-இல் மறைந்தார். அவர் குரல் எப்படி இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தம்பிமார், சீடர்கள், சீடர்களின் சீடர்கள் என்று காது வழியாகவே அவர் கிருதிகள் நம்மிடம் வந்தன. அந்தக் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலை வெளியிட்டார். ஸ்வரங்களோடு கமகங்களுக்கும் குறி போட்டு எழுதினார். நூல் அச்சானது தெலுங்கு எழுத்தில். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்துவிட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்த ஊர் நம்முடையது. இரண்டு எழுத்தும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இங்கே இருந்ததால், தெலுங்கில் அச்சான தமிழ்நாட்டுச் சங்கீதம் நமக்கு ஒன்றும் விசித்திரமில்லை.

ஆனாலும் காகிதத்தில் ஸ்வரத்தைத்தான் எழுத முடியும். குரலை எழுத முடியாது. அதற்கு ஓர் இயந்திரம் வேண்டியிருந்தது.

அந்த இயந்திரம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. எடிசனின் ஃபோனோகிராஃப் 1877-இல் வந்தது. எமில் பெர்லினரின் தட்டையான தட்டு 1887-இல் வந்தது. 1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் அந்த அம்மையார் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது தட்டில் கேட்கும். பதிவான மூலத்தட்டு ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்கு அனுப்பப்பட்டு அங்கேதான் பிரதி எடுக்கப்பட்டது. எந்தத் தட்டு யாருடையது என்று அங்குள்ள தொழிலாளிக்குத் தெரிய வேண்டுமல்லவா? ஹானோவர் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும். 1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்துவிட்டது.

அந்தத் தட்டு எதனால் செய்தது தெரியுமா? அரக்கு. தபால் பார்சலில் முத்திரை வைப்பார்களே, அதே அரக்குதான். சிறு பூச்சிகள் மரக்கிளையில் சுரப்பது. உலகத்துக்கே அரக்கு பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளிலிருந்துதான் போனது. கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 3 நிமிடம்.

அந்த 3 நிமிடம் நம் வித்வான்களுக்குப் பெரிய சோதனை. கச்சேரியில் ஒரு மணி நேரம் ராகம் வாசிப்பவர் இங்கே சாற்றைப் பிழிந்து கொடுத்தாக வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது இந்தச் சின்னத் தட்டுதான். எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் பாட்டுகளை நாடகம் பார்க்காதவர்களும் கேட்டார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி முதல் தட்டு கொடுத்தபோது அவருக்கு ஏறக்குறைய 10 வயது. ஏ.வி.எம். என்று நாம் அறிந்த ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர்.

ஆனால் அந்தக் காலத்து இயந்திரத்துக்கு மெல்லிய ஒலி பிடிபடாது. 1925 வரை மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் உரக்கப் பாட வேண்டும். வீணை போன்ற வாத்தியத்துக்கு அது சரிப்படாது. வீணை தனம்மாள் வாசிக்கும்போது கேட்பவர்கள் மூச்சுக்கூட மெதுவாக விடுவார்கள் என்று சொல்வதுண்டு. அவர் தட்டுகள் மின்சார மைக் வந்தபின் 1930-களில்தான் பதிவாயின. அவற்றிலும் ஊசி அரக்கைத் தேய்க்கும் 'கரகர' சத்தத்துக்கு நடுவிலிருந்துதான் வீணையை நாம் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டுச் சங்கீதத்தின் அடுத்த 50 ஆண்டுக் கதை முழுவதும் இந்தக் கரகரப்போடு போட்ட சண்டைதான்.

1948-இல் அமெரிக்காவில் எல்.பி. தட்டு வந்தது. வினைல் பிளாஸ்டிக், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல். எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வந்தது. திருப்பதிக்குப் பக்கத்து ஊரான நமக்கு அது எப்படிப்பட்ட தட்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி ஐரோப்பாவில் கேசட்டை அறிமுகம் செய்தது. 1980-களில் அது நம் தெருவுக்கு வந்தது. வளைகுடாவிலிருந்து வரும் மாமாவின் பெட்டியில் ஒரு டூ-இன்-ஒன் கட்டாயம் இருக்கும். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், பெங்களூர் ரமணி அம்மாள், டி.எம்.எஸ்., சீர்காழி, எல்லாம் கேசட்டில். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டில் கண்டசாலா. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வரும்போது புனல் ஸ்பீக்கரில் ஒலித்ததும் கேசட்தான். விலை குறைவு, வீட்டிலேயே பதிவும் செய்யலாம். தாத்தாவின் குரலையும் கல்யாண நாகஸ்வரத்தையும் பிடித்து வைத்த முதல் கருவி அது. அந்த நன்றியை மறக்கக் கூடாது.

ஆனால் கேசட்டுக்கு இரண்டு குறைகள். ஒன்று, எப்போதும் கேட்கும் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சல். இன்னொன்று, வேகம். நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். மோட்டார் பெல்ட் தளர்ந்தால், பேட்டரி இறங்கினால், வேகம் மாறும். வேகம் மாறினால் சுருதி மாறும். கணக்குச் சொல்கிறேன்: வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கூடவே பாடிப் பழகுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு தொல்லை! சுருதிப் பெட்டி ஒன்று சொல்லும், கேசட் வேறொன்று சொல்லும்.

இந்த இரண்டு குறைகளையும் ஒரே அடியில் தீர்த்தது சி.டி.

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-இல் அதன் விதிகளை வகுத்தார்கள். 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் சோனியின் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தது. அதற்குச் சில வாரம் முன்பு, ஆகஸ்ட் 17 அன்று, வணிகத்துக்கான முதல் சி.டி.க்கள் வார்க்கப்பட்ட இடம் எது? லாங்கன்ஹாகன். அது ஹானோவரை ஒட்டிய ஊர். கௌஹர் ஜானின் குரல் பிரதியெடுக்கப்பட்ட அதே வட்டாரம், 80 ஆண்டு கழித்து!

இயற்பியல் வாத்தியாரிடம் சிக்கிக்கொண்டீர்கள், ஆகையால் கொஞ்சம் பாடம்.

சி.டி. ஒலியை எண்ணாக எழுதி வைக்கிறது. ஒலியலையின் உயரத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஏன் இந்த எண்? மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ். அதைச் சரியாகப் பிடிக்க இரண்டு மடங்குக்குச் சற்று மேல் அளக்க வேண்டும். அந்தக் காலத்தில் இவ்வளவு எண்களைச் சேமிக்க வீடியோ டேப்தான் இருந்தது. அதில் ஒரு வரிக்கு 3 அளவு, 245 வரி, நொடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். ஐரோப்பிய வீடியோவில் 294 வரி, 50 முறை. அதுவும் 44,100 தான்!

ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. அதாவது 65,536 படிகள். நம் மலைக்கு 365 படி! இந்த நுட்பத்தால் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. கேசட்டில் இது 50-ஐ ஒட்டி, எல்.பி.யில் 60 முதல் 70.

வேகக் குறை எப்படித் தீர்ந்தது? தட்டு உள்ளே தொடங்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்றும், விளிம்புக்கு வரும்போது 200 சுற்றும் சுற்றுகிறது. ஆனால் படித்த எண்கள் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. ஒரு நினைவகத்தில் வரிசையில் நின்று, கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் படிகம் சொல்கிற தாளத்தில் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. மோட்டார் தடுமாறினாலும் சுருதி தடுமாறாது.

கீறல் விழுந்தால்? இதற்கு அவர்கள் செய்த வேலை எனக்கு எப்போதும் வியப்பு. புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்தால் ஒரு பாடமே போய்விடும். ஆனால் வரிகளைக் கலைத்துப் பல பக்கங்களில் பிரித்து எழுதியிருந்தால்? ஒரு பக்கம் கிழிந்தாலும் ஒவ்வொரு பத்தியிலும் ஒரு சொல்தான் போயிருக்கும், மற்றதை வைத்து நிரப்பிவிடலாம். சி.டி.யில் எண்கள் இப்படித்தான் கலைத்து, சரிபார்க்கும் எண்களும் சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன. தடத்தில் ஏறக்குறைய 2.5 மி.மீ. அழிந்துபோனாலும் ஒரு எண்கூடக் குறையாமல் மீட்டெடுக்கலாம்.

சரி, எண் எண்தானே, எந்த பிளேயரில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நல்ல பிளேயருக்கும் மலிவான பிளேயருக்கும் வித்தியாசம் மூன்று இடத்தில் வருகிறது.

முதலாவது, படிக்கும் பகுதி. தடத்துக்குத் தடம் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடிப் பருமனுக்குள் 40 சுற்றாவது அடங்கும். அதன்மேல் லேசர் ஒளி தொடாமலே ஓட வேண்டும். நல்ல பொறியமைப்பு இருந்தால் தூசியும் கீறலும் உள்ள தட்டையும் சரியாகப் படிக்கும். மட்டமானது படிக்க முடியாத இடத்தை ஊகத்தால் நிரப்பும், அல்லது திக்கும்.

இரண்டாவது, எண்ணை மறுபடி மின்னலையாக மாற்றும் சிப். 1982-இல் பிலிப்ஸிடம் 14 பிட் சிப்தான் தயாராக இருந்தது. அவர்கள் நான்கு மடங்கு வேகத்தில் கணக்கிட்டு 16 பிட்டுக்கு நிகரான பலனை எடுத்தார்கள். நல்ல இயந்திரம் என்பது விலையுயர்ந்த உதிரிபாகம் மட்டுமல்ல, யோசித்துச் செய்த வேலையும்தான்.

மூன்றாவது, அந்த மின்னலையை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் கடைசிப் பகுதியும் மின்சாரம் தரும் பகுதியும். மலிவான பெட்டியில் சங்கீதத்துக்கு அடியில் 'உம்ம்' என்று கரண்ட் சத்தம் இருக்கும். தம்புராவின் கார்வை அதில் கரைந்துவிடும்.

நல்ல பிளேயரை ஒழுங்கான ஆம்ப்ளிஃபையரிலும் இரண்டு ஸ்பீக்கரிலும் இணைத்துக் கேட்டால் என்ன தெரியும்? பாட்டு தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்த நான்கைந்து நொடி. மிருதங்கத்தில் வலந்தலையின் 'தீம்' எழுந்து அடங்கும் விதம், தொப்பியின் கும்கி. கமகத்தின் கடைசியில் குரல் ஸ்வரத்தில் போய் உட்காரும் இடம். வயலின் பாடகருக்குப் பின்னால் நிழலாக வருவது. இவையெல்லாம் மெல்லிய ஒலிகள். இரைச்சலில் முதலில் சாவதும் இவைதான். சுப்பராம தீட்சிதர் குறி போட்டு எழுதப் பாடுபட்டது இவற்றைத்தானே?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சுமாரான பிளேயரிலிருந்து நல்ல பிளேயருக்கு மாறினால் வித்தியாசம் தெரியும். நல்லதிலிருந்து மிக விலையுயர்ந்ததுக்கு மாறினால் பெரிதாகத் தெரியாது. ஸ்பீக்கரும் அது வைத்திருக்கும் இடமும் அதைவிட முக்கியம். பீரோவுக்கு மேலே ஒன்று, ஜன்னலில் ஒன்று என்று வைத்தால் எந்த பிளேயரும் உங்களைக் காப்பாற்றாது. இரண்டும் காது உயரத்தில், நீங்களும் சேர்ந்து ஒரு முக்கோணம் போல.

நம் நாட்டில் நடந்தது என்ன? ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சி.டி. 1980-களிலேயே வீட்டுக்குள் போய்விட்டது. இங்கே அப்போது கேசட்டின் பொற்காலம். சி.டி.யின் விலை பல மடங்கு. பிளேயர் வேண்டுமென்றால் பர்மா பஜாரில் தேட வேண்டும். 1992-இல் 'ரோஜா' வந்தபோது ரகுமானின் பதிவில் இருந்த நுணுக்கத்தைக் கேட்க நல்ல கருவி வேண்டும் என்ற ஆசை இளைஞர்களிடம் எழுந்தது. கர்நாடக சங்கீதத்தில் சார்சுர் போன்ற சென்னை நிறுவனங்கள் கச்சேரிகளை சி.டி.யாகக் கொண்டுவந்தன. ஒரு தட்டில் 74 நிமிடம். ராகம் தானம் பல்லவியைப் பக்கம் திருப்பாமல் கேட்கலாம் என்பது 3 நிமிடத் தட்டில் தொடங்கிய கதையில் எவ்வளவு பெரிய விடுதலை! பழைய 78 தட்டுகளும் சி.டி.யில் மறுபதிப்பாயின. அதனால்தான் இன்று நம்மால் தனம்மாளைக் கேட்க முடிகிறது.

ஆனால் சி.டி. கேசட்டை முழுதாக வெல்லுமுன்பே எம்பி3 வந்துவிட்டது. வி.சி.டி., டி.வி.டி. பிளேயர்கள் மலிந்தன. ஒரு தட்டில் 100 பாட்டுக்கு மேல்! கணக்கைப் பாருங்கள். சி.டி. ஒரு நொடிக்குத் தருவது 44,100 × 16 × 2, அதாவது 14,11,200 பிட். அக்காலத்து எம்பி3 தந்தது பெரும்பாலும் 1,28,000 பிட். பதினொன்றில் ஒரு பங்கு. பலத்த ஒலிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஒலி காதுக்குத் தெரியாது என்று கணக்கிட்டுக் கழித்துவிடுகிறார்கள். சினிமாப் பாட்டை பஸ்ஸில் கேட்க அது போதும். தம்புராவின் மினுமினுப்புக்குப் போதாது. ஆகவே நம்மில் பலர் சி.டி. வைத்திருந்தோமே தவிர, சி.டி. என்ன தரும் என்பதைக் கேட்காமலே அடுத்ததற்குப் போய்விட்டோம். இன்று செல்போன். அதிலும் முழுத் தரத்தில் கேட்க வழி இருக்கிறது. ஆனால் மாதச் சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். அலமாரியில் உள்ள தட்டு அப்படியில்லை.

இப்போது உங்கள் அட்டைப்பெட்டிக்கு வருவோம். அதில் இரண்டு ஜாதித் தட்டுகள் இருக்கும்.

ஒன்று, கடையில் வாங்கிய அச்சுத் தட்டு. குழிகள் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டவை. பத்திரமாக வைத்தால் நீண்ட காலம் நிற்கும்.

மற்றது, கம்ப்யூட்டரில் நாமே எழுதிய சி.டி.-ஆர். தாத்தாவின் கேசட்டைக் கடையில் கொடுத்து மாற்றியது, கல்யாண நாகஸ்வரம், சபாவில் யாரோ பதிவு செய்து கொடுத்த கச்சேரி, டிசம்பர் 31 படித் திருவிழாவில் படிக்கொரு திருப்புகழாகப் பாடியது. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்து நூறாண்டு தாண்டிய திருவிழா அது. அன்று பாடிய பெரியவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்? இந்தத் தட்டில் எண்கள் ஒரு சாயப் பூச்சில் எழுதப்பட்டிருக்கின்றன. வெயிலிலும் சூட்டிலும் சாயம் வெளுக்கும். நம் ஊர் கோடையும் பரணும் உங்களுக்குத் தெரியும். கடையில் வாங்கியதை எங்காவது திரும்ப வாங்கலாம். இதற்கு உலகத்திலேயே வேறு பிரதி இல்லை.

ஆகவே இதோ வீட்டுப்பாடம்.

1. பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். கையால் எழுதிய தட்டுகளைத் தனியாக எடுங்கள். முதல் வேலை அவற்றுக்குத்தான்.

2. மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். தடத்தின் வழியே கீறல் விழுந்தால் திருத்துவது கடினம். எழுத்துள்ள பக்கத்தை இன்னும் கவனமாகக் கையாளுங்கள். உலோகப் பூச்சு அந்தப் பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியில் இருக்கிறது.

3. கம்ப்யூட்டரில் பிரதி எடுக்கும்போது எம்பி3 வேண்டாம். வேவ் அல்லது ஃபிளாக் என்ற வடிவில் எடுங்கள், ஒரு எண்கூடக் குறையாது. இரண்டு இடத்தில் வையுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம் என்று பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். கௌஹர் ஜான் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். நம் வீட்டுத் தட்டுகளில் யாரும் பெயர் சொல்லவில்லை.

4. பிளேயர் ஓடவில்லையென்றால் தூக்கிப் போடாதீர்கள். பல சமயம் லேசர் கண்ணாடியில் தூசிதான். நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புதியது வாங்க வசதியில்லையென்றால் பழைய டி.வி.டி. பிளேயரை நல்ல ஆம்ப்ளிஃபையரில் இணைத்துத் தொடங்குங்கள்.

5. ஒரு ஞாயிறு மாலை, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரு முழுத் தட்டைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேளுங்கள். தீட்சிதர் கிருதியாக இருந்தால் எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

உங்கள் பெட்டியில் என்ன கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். படித் திருவிழாப் பதிவு யாரிடமாவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள். பிரதி எடுக்க நான் உதவுகிறேன், வீட்டுக்கும் வரலாம். காபி உண்டு.

தணிகை முருகன் அருளால் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.